முதல் கிட்டார்: கடையிலா, இணையத்திலா?

யமஹா எஃப்280 கிட்டார்கள் இரண்டை அடுத்தடுத்து எடுத்து வாசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் சட்டெனப் புலப்படும். மாடல் ஒன்று, தொழிற்சாலை ஒன்று, விலையும் ஒன்று. ஆனாலும் ஒன்றில் கம்பி விரலுக்கு இணங்கி வரும். மற்றதில் முரண்டு பிடிக்கும். ஒன்றில் தடித்த ஆறாவது கம்பி கணீரென்று ஒலிக்கும். மற்றதில் மூன்றாவது ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்துக்குக் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விரல் வைத்ததும் லேசாகக் கரகரக்கும்.

காரணம் மரம். அது காற்றின் ஈரத்தை இழுத்து உப்பும், வறண்டால் சுருங்கும், கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் கொஞ்சம் வளையவும் செய்யும். சுருதி சேர்த்த ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்கு நிகரான விசையோடு அந்த மரத்தை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசி வாங்குகிறவர் மாடலைத் தேர்ந்தெடுத்தால் போதும், எந்தப் பெட்டி வந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே. கிட்டாரில் மாடலைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். அந்த மாடலில் எந்தக் கிட்டார் என்பது மீதிப் பாதி.

கடையா, இணையமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். 800 ரூபாய் குறைவு, 1,200 ரூபாய் குறைவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் கைக்கு வரப்போகும் அந்தக் கிட்டாரை யாராவது எடுத்துச் சுருதி சேர்த்து, வாசித்துப் பார்த்து, சரிசெய்து தருகிறார்களா? அதைச் செய்கிற கடை நல்ல கடை. அதைச் செய்கிற இணையதளம் நல்ல இணையதளம். யாருமே செய்யவில்லை என்றால் அந்த வேலையும் அதற்கான செலவும் உங்கள் தலையில்தான் விழும். வாங்குவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

மூன்று ஏடிஎம் அட்டைகள்

கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே உள்ள உயரத்தைக் கிட்டார் வாசிப்பவர்கள் ஆக்‌ஷன் என்பார்கள். புதிதாகக் கற்பவரின் தலையெழுத்து பெரும்பாலும் இந்த ஓரிரண்டு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. உயரம் கூடினால் கம்பியை அழுத்த அதிக பலம் வேண்டும். விரல் நுனி வெந்துபோகும். ஆறு கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்த வேண்டிய எஃப் கார்டு வரும்போது பலர் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஃபெண்டர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆண்டி மூனி, புதிதாகக் கிட்டார் எடுப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒரு வருடத்துக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அத்தனை பேரும் ஆக்‌ஷனால்தான் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தன் கைக்குத் திறமையில்லை என்று நினைத்து ஒதுங்கிய பலருக்கு, உண்மையில் கிட்டார்தான் ஒத்துழைக்கவில்லை.

இதை அளந்து பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். வங்கி அட்டைகளின் தடிமன் உலகம் முழுவதும் 0.76 மில்லிமீட்டர். எழுத்து புடைக்காத தட்டையான அட்டைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறத்தாழ 2.3 மி.மீ. கிட்டாரைச் சுருதி சேர்த்துவிட்டு, 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் அட்டைகளை வைத்துத் தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் தள்ளிப் பாருங்கள். எஃகுக் கம்பிக் கிட்டாரில் மூன்று அட்டைகள் கம்பியை லேசாகத் தொட்டபடி நுழைந்தால் உயரம் சரி. மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு அட்டைகளும் மயிரிழை இடமும் போதும். ஐந்து அட்டைகள் தாராளமாக நுழைகின்றன என்றால் அந்தக் கிட்டாரை அப்படியே கற்பவர் கையில் கொடுக்கக் கூடாது. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் ஆறாவது கம்பி 4 மி.மீ. வரை உயர்ந்திருப்பது இயல்பு. கம்பியின் இழுவிசையும் 40 கிலோ அளவுதான் என்பதால் விரல் தாங்கும்.

உயரம் கூடியிருந்தால் கிட்டாரே கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கிட்டாரின் கழுத்தான நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி ஓடுகிறது. அறுகோணச் சாவியால் அதைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பினால் நெக்கின் வளைவு மாறும். பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைத் துண்டான சாடிலை அடியில் தேய்த்தால் கம்பி இறங்கும். நெக்கின் தலைமாட்டில் இருக்கும் நட்டின் பள்ளங்களை நுண்ணிய அரத்தால் ஆழப்படுத்தினால் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் விரலுக்கு நோவு குறையும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் செட்டப். தேர்ந்த கைக்கு இது ஒரு மணி நேர வேலை. 8,000 ரூபாய்க் கிட்டார் நல்ல செட்டப்போடு வந்தால், கவனிப்பாரின்றி வந்த 15,000 ரூபாய்க் கிட்டாரைவிட வாசிக்கச் சுகமாக இருக்கும்.

கடைக்குப் போகிறவர்

சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிகல், 1842-இல் மிஸ்குவித் அண்ட் கோ என்ற பெயரில் தொடங்கியது. பியானோக்களும் ஆர்கன்களும் கப்பலில் வந்திறங்கிய காலத்திலிருந்து அந்தச் சாலையில் இசைக்கருவி விற்பனை நடக்கிறது. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் தேர்வுகளோடும் அதற்கு நெடுநாள் தொடர்பு உண்டு. மும்பை தோபி தலாவில் உள்ள ஃபுர்டாடோஸ் 1865-இல் தொடங்கியது. இந்த மாதிரிப் பழைய கடைகளின் பெரிய சொத்து, கருவியைத் தொட்டுப் பழகிய ஆட்கள். பெட்டியிலிருந்து எடுத்துச் சுருதி சேர்த்து, நாலு கார்டு வாசித்துக் காட்டி, கரகரப்பு இருந்தால் உள்ளே எடுத்துப்போய் ட்ரஸ் ராடைத் திருப்பிக் கொண்டுவரும் ஒருவர் கடையில் இருந்தால், அவருடைய அனுபவமும் அந்த விலைக்குள் அடக்கம்.

எல்லாக் கடையிலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை. ஹார்மோனியம், தபேலா, பள்ளி விழாவுக்கான டிரம் செட் ஆகியவற்றோடு சுவரில் ஆறேழு கிட்டார்களையும் தொங்கவிட்டிருக்கும் சிறிய கடைகள் எல்லா மாவட்டத் தலைநகரிலும் உண்டு. அங்கே தேர்வு குறைவு. இருப்பதை விற்கத்தான் பார்ப்பார்கள், அது அவர்கள் பிழைப்பு. மாதக்கணக்கில் சுவரில் தொங்கிய கிட்டாரின் கம்பி துருவேறி, விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டும். அதற்காகக் கடையை விட்டு வெளியேற வேண்டியதில்லை. புதுக் கம்பி மாட்டித்தரச் சொல்லுங்கள். மாட்டியதும் கிட்டாரின் உண்மையான குரல் கேட்கும், வாங்கலாமா வேண்டாமா என்பதும் தெரிந்துவிடும்.

வாசிக்கவே தெரியாதவர் கடையில் எப்படிச் சோதிப்பது? தெரிந்த நண்பரையோ வகுப்பு எடுக்கப்போகும் ஆசிரியரையோ கூட்டிப்போவது நல்லது. யாரும் கிடைக்காவிட்டாலும் முடியும். கடைக்காரரிடம் ஒரே மாடலில் இரண்டு கிட்டார்களைக் கேளுங்கள். பெரும்பாலானோர் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் பல கடைகளில் கிடங்கிலிருந்து இன்னொன்று வரும். கைப்பேசியில் இலவச ட்யூனர் செயலியைப் போட்டு இரண்டையும் சுருதி சேர்க்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கம்பியிலும் முதல் ஃப்ரெட்டிலிருந்து 12 வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டிப் பாருங்கள். கார்டு எதுவும் தெரிய வேண்டாம். எங்காவது கம்பி ஃப்ரெட்டில் உரசும் சத்தம் வந்தால் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

அடுத்து 12-ஆவது ஃப்ரெட். அந்த உலோகப் பட்டைக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினால் மணி போன்ற மெல்லிய ஒலி எழும். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். ட்யூனர் செயலியில் முள் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால் கிட்டாரின் அளவுகள் ஒழுங்காக இருக்கின்றன. இரண்டாவது முறை முள் நன்றாக விலகிப்போனால், எவ்வளவு சுருதி சேர்த்தாலும் நெக்கின் மேல்பகுதியில் சுருதி பிசகும். ஒரு கம்பியில் மட்டும் வரும் சிறிய விலகல் பழைய கம்பியின் குற்றமாக இருக்கலாம். எல்லாக் கம்பியிலும் வந்தால் அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள்.

கை பார்த்துச் சொல்லும் விஷயங்களும் உண்டு. நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டினால் ஃப்ரெட்டின் முனைகள் கீறக் கூடாது. சுருதி சேர்க்கும் கீக்களைத் திருப்பும்போது தொய்வோ, திடீர்த் தாவலோ இல்லாமல் சீராகத் திரும்ப வேண்டும். பத்து வயதுக் குழந்தைக்கு வாங்குகிறவர்கள் குழந்தையைக் கடைக்குக் கூட்டிப்போய் மடியில் வைத்துப் பார்க்கவே வேண்டும். முழு அளவு டிரெட்னாட் கிட்டார் சுமார் 41 அங்குல நீளம். வலது கையை அதன் மேல் போட்டால் குழந்தையின் தோள் காதுவரை உயர்ந்துவிடும். முக்கால் அளவு, அரை அளவு கிட்டார்கள் இதற்காகவே இருக்கின்றன.

எஃகா நைலானா என்பதையும் கடையிலேயே தீர்த்துக்கொள்ளலாம். கிளாசிக்கல் கிட்டாரின் நட்டு அகலம் 52 மி.மீ., எஃகுக் கம்பிக் கிட்டாருடையது 43 மி.மீ. அளவு. அகல நெக்கில் கம்பிகளுக்கு நடுவே இடம் அதிகம். சின்னக் கைக்கு அதைச் சுற்றிப் பிடிப்பதுதான் சிரமம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா டிரினிட்டி தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றது கிளாசிக்கல் கிட்டாரில். அந்த வழியில் போக விரும்புகிறவர், விரலால் மீட்டிப் பழகுகிறவர் நைலானைத் தேடட்டும். சினிமாப் பாட்டுக்கும் தேவாலயப் பாடல்களுக்கும் கார்டு பிடித்துப் பாட விரும்புகிறவருக்கு எஃகு. இரண்டையும் ஐந்து நிமிடம் மடியில் வைத்துப் பார்த்தவருக்கு இணையத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் கிடைக்காத தெளிவு கிடைத்துவிடும்.

விலையைப் பற்றித் தயங்காமல் பேசலாம். இணையத்தில் இருக்கும் விலையைக் கைப்பேசியில் காட்டி, அதற்குக் கொடுக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. முடியாது என்றால் விலையை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள்: செட்டப் செய்து, புதுக் கம்பி போட்டு, நல்ல பையும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து ஒரு முறை இலவசமாகச் சரிசெய்து தருவீர்களா? விலையில் இறங்கிவர முடியாத கடைக்காரர் பலர் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். கற்பவருக்கு 800 ரூபாய்த் தள்ளுபடியைவிட இது பெரிது.

ஒரு விஷயத்தை மட்டும் செய்யாதீர்கள். கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஊழியரிடம் ஐந்து கிட்டார்களை இறக்கி வாசிக்கச் சொல்லி, எது வேண்டும் என்று தெரிந்துகொண்டபின் வெளியே வந்து கைப்பேசியில் ஆர்டர் போடுவது நியாயமான காரியம் அல்ல. அந்த ஒரு மணி நேரத்தின் கூலி, அந்தக் கிட்டார்களின் முடங்கிய முதல், கடை வாடகை எல்லாவற்றையும் யாரோ ஒருவர் சுமக்கிறார். நியூயார்க் 48-ஆவது தெருவில் 1935-இல் தொடங்கிய மேனீஸ் கடைக்கு ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாடிக்கையாளர். அது 2009-இல் மூடப்பட்டது. புரூக்ளினில் 1924-இல் மனைவியின் நிச்சயதார்த்த மோதிரத்தை அடகுவைத்துத் தொடங்கப்பட்ட சாம் ஆஷ், நூறாவது ஆண்டான 2024-இல் தன் கடைகள் அத்தனையையும் இழுத்து மூடியது. கிட்டார் சென்டர் 2020-இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. கடன், வாடகை, பெருந்தொற்று எனக் காரணங்கள் பல. வாடிக்கையாளர் இணையத்துக்கு நகர்ந்தது அவற்றில் முக்கியமான ஒன்று. ஊரில் இருக்கிற ஒரே கடையும் போய்விட்டால், அறுந்த கம்பிக்கும் வளைந்த நெக்குக்கும் எங்கே போவது?

இணையத்தில் வாங்குகிறவர்

இதையெல்லாம் படித்துவிட்டு இணையத்தை ஒதுக்கிவிட வேண்டாம். தருமபுரியிலோ ராமநாதபுரத்திலோ இருக்கும் ஒருவருக்குப் பத்து மாடல்களை வைத்திருக்கும் கடை பல மணி நேரப் பயணத்தில் இருக்கலாம். இடதுகைக்காரர்களின் நிலைமை இன்னும் மோசம். பெருநகரக் கடைகளிலேயே இடதுகைக் கிட்டார் அபூர்வம். "வலதுகைக் கிட்டாரில் கம்பியை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், ஹெண்ட்ரிக்ஸ் அப்படித்தான் வாசித்தார்" என்று கடையில் சொல்வதுண்டு. அவர் வாசித்தது எலக்ட்ரிக் கிட்டார். அகோஸ்டிக் கிட்டாரில் நட்டை மாற்ற வேண்டும், சாடிலின் சாய்வு எதிர்ப்பக்கம் இருப்பதால் சுருதி பிசகும், உள்ளே தாங்கும் மரச்சட்டங்களும் ஒரு பக்கத்துக்கென்றே அமைக்கப்பட்டவை. இடதுகைக்காரர் இணையத்தில் வாங்குவதே மேல்.

இணையம் என்று மொத்தமாகச் சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. இசைக்கருவி மட்டும் விற்கும் தளங்கள் வேறு, மிக்ஸியும் செருப்பும் விற்கும் பெருஞ்சந்தைத் தளங்கள் வேறு. அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் 1979-இல் ஒரு வேனுக்குள் ஒலிப்பதிவுக் கூடமாகத் தொடங்கிய ஸ்வீட்வாட்டர், இன்று பல கிட்டார்களைப் பெட்டியிலிருந்து எடுத்து 55 அம்சங்களில் சோதித்துத்தான் அனுப்புகிறது. உயர்விலைக் கிட்டார்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படமெடுத்து, எடையும் வரிசை எண்ணும் போட்டு, எந்தக் கிட்டார் வேண்டுமோ அதையே தேர்ந்தெடுக்க விடுகிறது. ஜெர்மனியின் ட்ரெப்பன்டோர்ஃப் என்ற சின்னக் கிராமத்தில் 1954-இல் தொடங்கிய தோமன், 30 நாளுக்குள் திருப்பியனுப்பினால் பணத்தைத் தருகிறது, மூன்று ஆண்டு உத்தரவாதமும் தருகிறது. இவை இரண்டும் விலையைக் குறைத்ததால் மட்டும் வளரவில்லை. நல்ல கடை செய்கிற வேலையைத் தூரத்திலிருந்து செய்யக் கற்றுக்கொண்டன.

இந்தியாவில் 2005-இல் தொடங்கிய பஜாவ் போன்ற இசைக்கருவித் தளங்களும், பழைய கடைகள் நடத்தும் இணையக் கடைகளும் உண்டு. அங்கே வாங்குவதற்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: அனுப்புவதற்கு முன் பெட்டியைத் திறந்து செட்டப் பார்த்து அனுப்புவீர்களா? ஆம் என்று உறுதியாகச் சொன்னால் அந்தப் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெருஞ்சந்தைத் தளங்களில் இப்படிக் கேட்க ஆளில்லை. தொழிற்சாலையில் மூடிய பெட்டி அப்படியே உங்கள் வாசலுக்கு வரும். நடுவே யாரும் கம்பியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பட்டியலில் உள்ள சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஸ்ப்ரூஸ் டாப் என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. ஒரே பலகையால் ஆன மேற்பரப்பு என்றால் சாலிட் ஸ்ப்ரூஸ் டாப் என்றே போட்டிருப்பார்கள். விற்பவர் அந்தச் சொல்லை மறந்தும் விடமாட்டார். யமஹாவின் எஃப்310-க்கு ஒட்டுப்பலகை, எஃப்ஜி800-க்குச் சாலிட் டாப். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தப் பலகைக்குத்தான். சாலிட் டாப் ஒலி வருடங்கள் போகப்போகத் திறக்கும். ஒட்டுப்பலகை அப்படி மாறாது, ஆனால் ஈரத்தையும் வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரில், குளிர்சாதனம் இல்லாத வீட்டில், முதல் கிட்டாராக ஒட்டுப்பலகை நல்ல தேர்வு. அதை மட்டமென்று நினைக்க வேண்டாம்.

38 இன்ச் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது கிட்டாரின் மொத்த நீளம். அது முழு அளவைவிடச் சிறியது என்பதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. பை, பட்டை, மூன்று பிக், கூடுதல் கம்பி எல்லாம் இலவசம் என்று 3,000 ரூபாய்க்கு வரும் மொத்தப் பொட்டலங்களில் அந்த இலவசங்களைக் கழித்துவிட்டுக் கிட்டாருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்த விலையில் வரும் பல கிட்டார்களில் ட்ரஸ் ராட் இருப்பதே இல்லை. நெக் வளைந்தால் நிமிர்த்த வழி இல்லை. ட்ரஸ் ராட் உண்டா என்று பட்டியலில் தேடுங்கள். சொல்லப்படவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய்க்குள் கிடைக்கும் எஃப்280 போன்ற கிட்டார்கள் இந்த விஷயத்தில் நம்பகமானவை. யமஹா 2019-இலிருந்து சென்னை அருகே உள்ள தன் தொழிற்சாலையில் இந்திய சந்தைக்காகக் கிட்டார்களைச் செய்கிறது.

விமர்சனங்களைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள். "பேக்கிங் சூப்பர், சீக்கிரம் வந்தது" என்ற ஐந்து நட்சத்திரம் கூரியர் நிறுவனத்துக்குரியது. மூன்று மாதம் கழித்து எழுதப்பட்ட மூன்று நட்சத்திர விமர்சனம்தான் கிட்டாரைப் பற்றிப் பேசும்: பிரிட்ஜ் எழும்பியதா, கீ தளர்ந்ததா, நெக் வளைந்ததா.

போலிகளையும் சொல்ல வேண்டும். கிப்சன் லெஸ் பால் போலிகள் சீனாவிலிருந்து உலகமெங்கும் போகின்றன. அசல் கிப்சனில், கீக்கள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் உள்ள சிறிய மூடியை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். போலிகளில் பெரும்பாலும் மூன்று இருக்கும். எழுத்தையும் கூர்ந்து படியுங்கள். கொல்கத்தாவின் கிவ்சன் தன் பெயரிலேயே பல காலமாக விற்கும் இந்திய நிறுவனம், அது போலி அல்ல. ஆனால் அவசரத்தில் ஓரெழுத்தைத் தவறாகப் படித்துவிட்டு அமெரிக்கக் கிட்டார் மலிவாகக் கிடைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு.

வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போடுகிறவர் சுங்க வரியையும், திருப்பியனுப்ப ஆகும் சரக்குக் கூலியையும் விலையோடு கூட்டிப் பார்க்கட்டும். உயர்தரக் கிட்டார்களின் பக்கப்பலகைகளில் பல, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரத்தால் ஆனவை. 2017 ஜனவரியில் அந்த மரவகை முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, எல்லை தாண்டும் கிட்டார்களுக்குக் காகிதங்கள் தேவைப்பட்டன. 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு இருக்கிறது.

பெட்டி வந்த அன்று

கிட்டாரின் பெரிய எதிரி கூரியர் வண்டியின் வெப்பம். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் பசை இளகி, பிரிட்ஜ் மயிரிழை எழும்பலாம். பெட்டி வந்ததும் அறைக்குள் சில மணி நேரம் அப்படியே வையுங்கள். பிறகு திறக்கும்போது ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, வெட்டாமல், கைப்பேசியில் வீடியோ எடுங்கள். பெட்டியின் ஆறு பக்கமும், முகவரிச் சீட்டும், வரிசை எண்ணும் அதில் தெரிய வேண்டும். ஹெட்ஸ்டாக்கும் நெக்கும் சேரும் இடத்தின் பின்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கிப்சன் பாணியில் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்சாய்ந்திருக்கும் கிட்டார்கள் விழுந்தால் உடைவது இங்கேதான். வெறும் வார்னிஷ் கோடு போலத் தெரிவது விரிசலாக இருக்கலாம். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போகக் கூடாது. பழைய கிட்டார் வாங்குகிறவருக்கும் இதே இரண்டு சோதனைகள்தான் முதலில்.

அன்றே மூன்று அட்டைச் சோதனையையும் செய்துவிடுங்கள். திருப்பியனுப்பும் காலக்கெடு தளத்துக்குத் தளம் மாறும். பொருளைப் பொறுத்தும் மாறும். வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தால் பின்னால் வாக்குவாதம் வராது. குறை இருந்தால் எழுத்தில் புகார் செய்யுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி தளங்கள் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புதல் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். விற்பவர் யார், பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும். குறையுள்ள பொருளையும் பட்டியலுக்கு மாறான பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது.

கடையில் வாங்கியவருக்கும் உரிமை உண்டு. பில் தராமல் இருப்பதும், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று சொல்லிக் குறையுள்ள பொருளை வாங்க மறுப்பதும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். பேச்சில் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பில்லையும் வரிசை எண்ணையும் பத்திரமாக வையுங்கள்.

இணையத்தில் வாங்கிய கிட்டாரை எடுத்துக்கொண்டு உள்ளூர்க் கடைக்குப் போக வெட்கப்பட வேண்டாம். செட்டப்புக்கு என்ன கூலி என்று நேராகக் கேளுங்கள், கொடுங்கள். இந்தக் கூலியை ஆரம்பத்திலேயே பட்ஜெட்டில் ஒதுக்கி வைத்தவர் விலை ஒப்பீட்டைச் சரியாகச் செய்தவர்: கிட்டாரின் விலை, செட்டப் கூலி, நல்ல கம்பி ஒரு செட், பஞ்சு வைத்த பை. இந்த நான்கையும் கூட்டிப் பார்த்தால் கடை விலைக்கும் இணைய விலைக்கும் உள்ள இடைவெளி பல சமயம் கரைந்துவிடும், சில சமயம் கடைப்பக்கம் சாய்ந்துவிடும். கூட்டிய பிறகும் இணையம் மலிவாக இருந்தால் தயங்காமல் இணையத்திலேயே வாங்குங்கள்.

முதல் செட்டப்போடு வேலை முடிவதில்லை. கிட்டார் நிறுவனங்கள் பொதுவாக 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் நல்லது என்கின்றன. சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட மிக அதிகம். ஐப்பசி மழையில் மேற்பலகை உப்பி, பிரிட்ஜை மேலே தள்ளும், ஆக்‌ஷன் உயரும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் நேர்மாறாக மரம் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். வாங்கிய மூன்றாவது மாதம் மறுபடி அட்டைகளை எடுத்து அளந்து பாருங்கள். இரண்டு முறைக்கும் நடுவே ஓர் அட்டை அளவுக்கு உயரம் மாறியிருந்தால், கம்பி மாற்றும் அன்றே செட்டப்பையும் சேர்த்துச் செய்யச் சொல்லிவிடலாம்.